ஆங்கிலத்தை எடை போடும் தராசு

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதி மாணவர்களுக்கு எடை மேடையைப் பற்றி எவரும் விளக்க வேண்டியதில்லை. துறைமுகத்திற்குச் செல்லும் லாரி ஒருமுறை வெறும் வண்டியாகவும், மறுமுறை சரக்குடனும் மேடையில் ஏறி நிற்கும். இரண்டு எடைகளுக்கும் உள்ள வேறுபாடே சரக்கின் எடை. எடை சரிபார்க்கப்படாத சரக்குப் பெட்டகத்தைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது 2016 ஜூலை 1 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவான விதி.

இதே துறைமுகப் பகுதியிலிருந்து கடல் கடந்து படிக்கச் செல்ல விரும்பும் மாணவரும் ஒரு வகை எடை மேடையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். எனப்படும் ஐயெல்ட்ஸ், டோஃபல், பி.டி.ஈ., டுவோலிங்கோ என்று அந்த மேடைகளுக்குப் பல பெயர்கள். உங்கள் ஆங்கிலம் எவ்வளவு என்று இவை எண்ணிலே சொல்லிவிடுகின்றன. 6.5 என்றால் கதவு திறக்கும்; 6 என்றால் மூடும். தந்தை துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துப் படிக்க வைக்கும் ஒரு மாணவிக்கு இந்த அரைப் புள்ளி சிறிய விஷயமா?

லாரியின் எடையைக் கிலோகிராமில் சொல்கிறோம். வெப்பநிலையை டிகிரியில் சொல்கிறோம். ஒருவருடைய ஆங்கிலத்தை எந்த அலகில் சொல்வது? மொழியை அளக்கத்தான் முடியுமா? அளந்தால் அந்த அளவை எவ்வளவு தூரம் நம்பலாம்? மொழியைப் பற்றிய கேள்விகளாகத் தோன்றினாலும் இவை உண்மையில் அளவியலைச் சேர்ந்த கேள்விகள். ஆகவே ஓர் இயற்பியல் ஆசிரியர் இவற்றைப் பற்றிப் பேசுவதில் தவறில்லை அல்லவா?

துறைமுக எழுத்தர் எழுதிய கடிதம்

முதலில் நம் துறைமுகத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றைப் பார்ப்போம்.

1912 மார்ச் 1 அன்று, சென்னைத் துறைமுக அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தார். அவர்தான் கணித மேதை இராமானுஜன். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தவர் அவர். ஆனால் ஆங்கிலத்தில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் அவரால் வெற்றி பெற முடியவில்லை. கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

1913 ஜனவரி 16 அன்று அவர் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அந்தக் கடிதத்துடன் ஏறத்தாழ 120 கணித முடிவுகளும் சென்றன. அவற்றைக் கண்டு ஹார்டி வியந்தார். 1914 மார்ச் 17 அன்று ‘நெவாசா’ என்ற கப்பலில் இராமானுஜன் சென்னையிலிருந்து புறப்பட்டார். 1916-ல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918-ல் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் என்ற பெருமையும் அவரை வந்தடைந்தன.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். இராமானுஜனுக்கு ஆங்கிலம் தெரியாதா? பள்ளிப் பருவத்திலேயே அவரை ஆட்கொண்ட கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூல் ஆங்கில நூல்தான். அவர் எழுதிய கடிதத்தைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் புரிந்துகொண்டார். அப்படியானால் கல்லூரித் தேர்வில் அவர் தோற்றது எப்படி? கணிதத்திலேயே மூழ்கிக் கிடந்தவர் மற்றப் பாடங்களில் மனம் செலுத்தவில்லை. அந்த மதிப்பெண்ணில் அவருடைய ஆங்கிலமும் இருந்தது. அவருடைய கவனக் குறைவும் கலந்திருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்டும் சக்தி அந்தத் தேர்வுக்கு இல்லை.

லாரியை எடை போடும்போது உதவியாளர் இறங்காமல் உள்ளேயே அமர்ந்திருந்தால் அவருடைய எடையும் சரக்கின் கணக்கில் சேர்ந்துவிடும். எதை அளக்க நினைக்கிறோமோ அதை மட்டும் அளப்பது எந்தக் கருவிக்கும் எளிதல்ல. அளவியலின் முதல் பாடம் இது.

பன்னிரண்டு மணி நேரத் தேர்வு

இராமானுஜன் கடிதம் எழுதிய அதே 1913-ல், அதே கேம்பிரிட்ஜில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. பிற நாட்டவரின் ஆங்கிலத் தேர்ச்சியைச் சோதிக்க ஒரு புதிய தேர்வை அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது. மொத்தம் 12 மணி நேரம்! பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்கும், ஆங்கிலத்திலிருந்து அம்மொழிகளுக்கும் மொழிபெயர்க்க வேண்டும். இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் ஆகியவையும் உண்டு. சொல்வதெழுதல், வாசித்தல், உரையாடல் ஆகியவையும் உண்டு. அந்த ஆண்டு தேர்வு எழுதியவர்கள் மூன்றே பேர். மூவரும் தேறவில்லை!

அந்தத் தேர்வு ஆங்கிலம் கற்பிக்க விரும்பிய வெளிநாட்டு ஆசிரியர்களை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. பல்கலைக்கழகத்தில் வேதியியலோ பொறியியலோ படிக்கப் போகிறவருக்கு இலக்கிய நயம் எதற்கு? விரிவுரையைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். பாடநூலைப் படிக்க வேண்டும். ஆய்வறிக்கை எழுத வேண்டும். சந்தேகம் வந்தால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். ஆகவே பின்னால் வந்த தேர்வுகள் மொழியை நான்கு திறன்களாகப் பிரித்துக்கொண்டன: கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல்.

அமெரிக்காவின் டோஃபல் 1964-ல் முதன்முதலாக நடைபெற்றது. இங்கிலாந்தில் 1980-ல் தோன்றிய ஒரு தேர்வு திருத்தி அமைக்கப்பட்டு, 1989-ல் ஐயெல்ட்ஸ் ஆயிற்று. இதில் கேட்டல் பகுதிக்கு 40 வினாக்கள்; படித்தல் பகுதிக்கும் 40 வினாக்கள். எழுதுதலுக்கு 60 நிமிடத்தில் இரண்டு பணிகள். பேசுதலுக்கு 11 முதல் 14 நிமிடம் வரை தேர்வாளருடன் நேருக்கு நேர் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 9 வரை, அரைப் புள்ளிப் படிகளில் அளவு தருவார்கள்.

டோஃபல் தன் அளவுகோலைப் பலமுறை மாற்றியிருக்கிறது. தாளில் எழுதிய நாட்களில் உச்ச அளவு 677. 1998-ல் கணினிக்கு மாறியபோது 300. 2005-ல் இணையவழித் தேர்வு வந்தபோது 120. 2026 ஜனவரி 21 முதல் 1 முதல் 6 வரை என்ற புதிய அளவு நடைமுறைக்கு வந்துள்ளது. இதைக் கண்டு திகைக்க வேண்டாம். ஒரே கொதிநீரை 100 என்று செல்சியஸும் 212 என்று ஃபாரன்ஹீட்டும் சொல்லவில்லையா? எண் மாறுகிறது, பொருள் மாறவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. செல்சியஸையும் ஃபாரன்ஹீட்டையும் இணைக்கத் துல்லியமான சூத்திரம் உண்டு. ஒரு தேர்வின் எண்ணை மற்றொரு தேர்வின் எண்ணாக மாற்ற வெளியிடப்படும் அட்டவணைகளோ ஏறத்தாழப் பொருந்துபவைதான்.

அளக்காமலே விட்டுவிட்டால் என்ன?

‘இராமானுஜனை எந்த ஆங்கிலத் தேர்வும் தடுத்து நிறுத்தவில்லையே! இத்தகைய தேர்வுகளே வேண்டாம்’ என்று உங்களில் சிலர் சொல்லக்கூடும். அவசரப்பட வேண்டாம். மொழி சரியாகப் புரியாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு துயரச் சான்று உண்டு.

1996 நவம்பர் 12 அன்று, ஹரியானா மாநிலம் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நடுவானில் மோதின. டில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானம் ஒன்று. டில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானம் மற்றொன்று. 349 பேர் மாண்டனர். கஜகஸ்தான் விமானத்தை 15,000 அடி உயரத்தில் நிற்கும்படி தரைக் கட்டுப்பாட்டு நிலையம் சொல்லியிருந்தது. விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட்டது. விமானிகளின் ஆங்கிலக் குறைபாடும் விபத்துக்கு ஒரு காரணமாக விசாரணையில் பேசப்பட்டது. விமானிகளுக்கும் தரைக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித் தேர்ச்சியை ஆறு நிலைகளாக வகுத்து, அனைத்துலகச் சேவைக்குக் குறைந்தது நான்காம் நிலை வேண்டும் என்று அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் பின்னர் விதித்தது. இது 2008 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது.

கடலிலும் இதே கதைதான். எண்ணூர்க் காமராஜர் துறைமுகத்திற்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பலில் பல நாட்டு மாலுமிகள் இருப்பார்கள். துறைமுகத்திலிருந்து ஏறும் பைலட் வேறு நாட்டவர். சுக்கானை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் ஒரு சொல் பிசகினாலும் ஆபத்து. இதற்காகவே அனைத்துலகக் கடல்சார் நிறுவனம் 2001-ல் கப்பல்களுக்கான நிலையான ஆங்கிலத் தொடர்களின் தொகுப்பு ஒன்றை ஏற்றுக்கொண்டது.

வேதியியல் ஆய்வகத்தில் அமிலத்தைக் கையாளும் மாணவருக்கு, ‘இதை அதில் ஊற்றாதே’ என்று சொன்னது புரியாவிட்டால்? ஆகவே அளப்பது தேவைதான். அளவின் எல்லை எது என்று தெரிந்துகொள்வதும் அதே அளவுக்குத் தேவை.

அளவிலே பிழை

தனி ஊசல் சோதனையை நீங்கள் செய்திருப்பீர்கள். இருபது அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை மூன்று முறை அளந்தால் மூன்று விடைகள் வரும். ஊசல் மாறவில்லை, நீங்களும் மாறவில்லை. ஆனாலும் விடைகள் சற்றே சிதறுகின்றன. இந்தச் சிதறலைத்தான் அளவீட்டுப் பிழை என்கிறோம். இது நீங்கள் செய்த தவறு அல்ல. அளத்தல் என்ற செயலுடன் கூடவே பிறந்தது.

ஆங்கிலத் தேர்வுக்கும் இந்தப் பிழை உண்டு. ஒரு மாணவர் களைப்படையாமல், புதிதாக எதுவும் கற்காமல், ஒரே தரமுள்ள தேர்வைப் பலமுறை எழுதுவதாகக் கற்பனை செய்யுங்கள். ஒரு நாள் வினாவில் வரும் கட்டுரை கடல் ஆமைகளைப் பற்றியது. எண்ணூர் மாணவருக்குப் பழகிய பொருள். மற்றொரு நாள் பனிச்சறுக்கு விளையாட்டு. அவர் கண்டதே இல்லை. அளவுகள் சிதறத்தானே செய்யும்? ஐயெல்ட்ஸின் கேட்டல், படித்தல் பகுதிகளில் இந்தத் திட்டப்பிழை ஏறத்தாழ 0.4 என்று வெளியிடப்பட்டுள்ளது. அதாவது மூன்றில் இரண்டு முறை, கிடைக்கும் அளவு உண்மை அளவிலிருந்து 0.4-க்குள் இருக்கும். மூன்றில் ஒரு முறை அதற்கும் அப்பால் போகலாம்.

நான்கு பகுதிகளின் சராசரியை எடுத்தால் பிழை குறையும். ஒவ்வொரு பகுதியிலும் பிழை ஏறத்தாழ இதே அளவு என்று வைத்துக்கொண்டால், 0.4-ஐ நான்கின் வர்க்கமூலமாகிய 2-ஆல் வகுக்க வேண்டும், 0.2 வருகிறது. ஊசலின் நேரத்தைப் பலமுறை அளந்து சராசரி காண்பதும் இதற்காகத்தான்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு மாணவிக்குக் கேட்டல் 7, படித்தல் 6, எழுதுதல் 5.5, பேசுதல் 6 கிடைக்கின்றன. மொத்தம் 24.5, சராசரி 6.125. ஐயெல்ட்ஸ் விதிப்படி இது 6 ஆகிறது. எழுதுதலில் மட்டும் 5.5-க்குப் பதில் 6 கிடைத்திருந்தால்? மொத்தம் 25, சராசரி 6.25. விதிப்படி .25 மேல்நோக்கி 6.5 ஆகிறது. ஒரே பகுதியில் அரைப் புள்ளி உயர்ந்தது. மொத்த அளவும் அரைப் புள்ளி உயர்ந்துவிட்டது. பல்கலைக்கழகம் கேட்பது 6.5 என்றால் அவளுக்கு எல்லாமே மாறிவிடுகிறது.

எடை மேடைக்கு மீண்டும் வருவோம். பல மேடைகள் 10 கிலோ அல்லது 20 கிலோ படிகளில்தான் எடை காட்டும். 30 டன் லாரிக்கு அது போதும். அந்த மேடையில் ஒரு கட்டு முருங்கைக்காயை வைத்து எடை கேட்டால் அது என்ன சொல்லும்? 6-க்கும் 6.5-க்கும் இடையே உள்ள மாணவரின் திறமையை நுணுக்கிப் பார்ப்பது ஏறத்தாழ இப்படிப்பட்ட வேலைதான். 4-க்கும் 7-க்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வு நன்றாகவே காட்டும். 6-க்கும் 6.5-க்கும் உள்ள வேறுபாடு தேர்வின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடக் கூடும்.

மாறிவரும் எடைக்கற்கள்

கணினி வந்த பிறகு ஒரு புதிய முறை பரவியிருக்கிறது. காய்கறிக் கடைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். எடை தெரியாத பூசணிக்காய் ஒரு தட்டில். மறு தட்டில் 2 கிலோ கல். பூசணிக்காய்த் தட்டு இறங்கினால் கூடுதல் கல். ஏறினால் சிறிய கல். நாலைந்து மாற்றங்களில் எடை பிடிபட்டுவிடும்.

டுவோலிங்கோ தேர்வு இப்படித்தான் நடக்கிறது. புதிய டோஃபலின் படித்தல், கேட்டல் பகுதிகளும் இத்தகையவை. சரியாக விடையளித்தால் அடுத்து கடினமான வினாக்கள்; தவறினால் எளியவை. இதற்கு அடிப்படையான கணிதத்தை வகுத்தவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டு கணிதவியலர் ஜார்ஜ் ராஷ். அவருடைய நூல் 1960-ல் வெளிவந்தது. ஒருவரின் திறமையும் வினாவின் கடினமும் சமமாக இருந்தால் அவர் சரியாக விடையளிக்கும் வாய்ப்பு சரிபாதி என்பது அவர் முறையின் சாரம். தராசு முள் நடுவில் நிற்பதைப் போல! ஆகவே இத்தகைய தேர்வில் வினாக்கள் கடினமாகிக்கொண்டே போனால் கலங்க வேண்டாம். நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்பதற்கே அது அடையாளமாக இருக்கலாம்.

தராசே தவறினால்?

கடைத் தராசுக்கு முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை வைக்கிறார். பெரிய தேர்வுகளிலும் தேர்வாளர்களுக்கு மாதிரி விடைகளைக் கொடுத்துப் பழக்குகிறார்கள். இருந்தும் கருவிகள் தவறுவதுண்டு.

2014 பிப்ரவரியில் இங்கிலாந்தில், விசாவுக்கான டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. அதன்பின் பதிவு செய்யப்பட்டிருந்த குரல்களைக் கணினியைக் கொண்டும் செவியால் கேட்டும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 58,000 தேர்வுகளில் 97 சதவீதம் ஐயத்திற்குரியவை என்று தேர்வு நிறுவனம் அறிவித்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் விசா பறிபோயிற்று. இந்திய மாணவர்களும் அவர்களுள் அடக்கம். ‘நாங்களே எழுதினோம்’ என்று பலர் நீதிமன்றம் ஏறினர், சிலர் வென்றனர். குற்றமற்றவர்கள் சிலரும் தவறாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கக் கூடும் என்று பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2019-ல் கூறியது.

மோசடி நடந்தது உண்மை. ஆனால் மோசடியைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும் பிழை உண்டு. அந்தப் பிழை எவ்வளவு என்று கேட்காமல் தீர்ப்பு வழங்கினால் பாதிக்கப்படுபவர் மனிதர். எண்ணைப் பார்த்தவுடன் அதன் பிழை என்ன என்று கேட்கும் பழக்கம் அறிவியல் மாணவருக்கு மட்டுமன்றி அதிகாரிக்கும் வேண்டும்.

இரண்டு ‘பின்’கள்

தேர்வைப் பற்றிப் பேசினோம். இனித் தேர்வு எழுதும் நம்மைப் பற்றிப் பேசுவோம். பேசுதல், கேட்டல் பகுதிகளில் நம் மாணவர்கள் தடுமாறுவது ஏன்? இதற்கு இயற்பியலில் ஓர் அழகான விடை இருக்கிறது.

குண்டூசிக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்? பின். குப்பைத் தொட்டிக்கு? அதுவும் பின்! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே. ஆங்கிலக் காதுக்கு இவை வெவ்வேறு சொற்கள். வேறுபாடு எங்கே இருக்கிறது?

ப என்று ஒலிக்க முதலில் உதடுகளை மூடுகிறோம். பிறகு திறக்கிறோம். திறந்த பின் எவ்வளவு நேரத்தில் தொண்டையில் உள்ள குரல் நாண்கள் அதிரத் தொடங்குகின்றன என்பதே முக்கியம். லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1964-ல் பதினொரு மொழிகளில் இந்தக் கால இடைவெளியை அளந்தார்கள். அவற்றுள் நம் தமிழும் ஒன்று!

ஆங்கிலேயரின் குண்டூசி ‘பின்’னில் இந்த இடைவெளி சராசரியாக 60 மில்லிவினாடி அளவு. குப்பைத் தொட்டி ‘பின்’னில் ஏறத்தாழ சுழி. தமிழில் ‘பல்’ என்று சொல்லும்போது வரும் ப-வில் ஏறத்தாழ 10 மில்லிவினாடிதான். 60 மில்லிவினாடி என்றால் ஒலி காற்றில் 20 மீட்டர் செல்லும் நேரம். அந்தச் சிறு நேரத்தில் உதட்டிலிருந்து குபுக்கென்று காற்று வெளிவருகிறது.

இப்போது விளங்குகிறதா? நாம் தமிழ் ப-வை வைத்துக் குண்டூசி என்று சொல்கிறோம். பத்து மில்லிவினாடி, அறுபதைவிடச் சுழிக்கே அருகில் இருக்கிறது. ஆகவே அவர்கள் காதில் அது குப்பைத் தொட்டியாக விழுந்துவிடக் கூடும்! இதில் அறிவுக் குறைவு எங்கே வந்தது? ஐம்பது மில்லிவினாடிக் குறைவுதான்.

நமக்கு இந்த இனத்து ஒலிகளைப் பிரிக்கவே தெரியாது என்றும் எண்ண வேண்டாம். ‘பல்’லையும் ‘பஸ்’ஸையும் ஒரே எழுத்தில் எழுதினாலும் வேறுவேறாகவே ஒலிக்கிறோம். பஸ்ஸில் உதடு திறக்கும் முன்பே குரல் நாண்கள் அதிர்ந்துவிடுகின்றன. கோட்டை நாம் ஓரிடத்தில் போட்டிருக்கிறோம். ஆங்கிலேயர் வேறோர் இடத்தில் போட்டிருக்கிறார்கள். அவ்வளவே.

செவியைப் பழக்கலாம்

கனடாவில் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்பவர்கள் 1984-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைவிடச் சுவையானது. இந்தியில் நம்முடைய த, ட போன்ற இரண்டு ஒலிகள் உண்டு. ஆங்கிலம் பேசும் பெரியவர்களுக்கு இவற்றைப் பிரித்துக் கேட்பது மிகக் கடினம். ஆனால் ஆங்கிலக் குடும்பங்களில் பிறந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இவற்றை எளிதாகப் பிரித்தறிந்தன! பத்துப் பன்னிரண்டு மாதத்திற்குள் அந்தத் திறன் மங்கிவிட்டது. இந்தி பேசும் வீட்டுக் குழந்தைகளிடம் அது நிலைத்து நின்றது.

குழந்தை எல்லா மொழிகளுக்கும் தயாராகப் பிறக்கிறது. வீட்டில் புழங்கும் ஒலிகளுக்கு ஏற்ப அதன் செவியும் மூளையும் தம்மைச் சுருதி சேர்த்துக்கொள்கின்றன. நம் ல, ள, ழ மூன்றையும் கேட்டு விழிக்கும் வெளிநாட்டுப் பேராசிரியரை யாரும் அறிவற்றவர் என்பதில்லை. அதே நியாயம் நமக்கும் உண்டல்லவா?

சுருதியை மீண்டும் சேர்க்க முடியுமா? முடியும். ஆங்கிலத்தின் ‘ரைட்’, ‘லைட்’ என்ற சொற்களைப் பிரித்தறியத் தடுமாறும் ஜப்பானியர்களுக்கு அமெரிக்காவில் லோகன், லைவ்லி, பைசோனி ஆகியோர் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு 1991-ல் வெளிவந்தது. மூன்று வாரப் பயிற்சியில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. ஒருவர் குரலை மட்டும் கேட்பதைவிடப் பலருடைய குரல்களைக் கேட்டுப் பழகுவதே நல்லது என்பது இத்தகைய ஆய்வுகளில் கிடைத்த முக்கியமான பாடம்.

நீங்கள் செய்யக் கூடியவை

இவற்றிலிருந்து நமக்குப் பயன்படும் சில முடிவுகளைப் பெறலாம்.

ஐயெல்ட்ஸ் தேர்வை ஒருமுறை எழுதவே 15,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. பல வீடுகளில் அது ஒரு மாத வருமானம். ஆகவே ‘எழுதித்தான் பார்ப்போமே’ என்று போகக் கூடாது. மாதிரித் தேர்வுகளை வீட்டிலேயே கடிகாரம் வைத்து நாலைந்து முறை எழுதுங்கள். சராசரி எடுங்கள். உங்களுக்கு வேண்டியது 6.5 என்றால், மாதிரியில் 7 வரும் வரை பழகுங்கள். அந்த அரைப் புள்ளி, பிழைக்கு விட்டுவைக்கும் இடம். பாலம் கட்டுபவர்கள் தாங்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாகத் தாங்கும்படி கட்டுவதில்லையா?

நாள்தோறும் இருபது நிமிடம் ஆங்கிலத்தைக் கேளுங்கள். ஒரே அறிவிப்பாளரை அல்ல; ஆண், பெண், இந்தியர், ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர் என்று பலரையும் கேளுங்கள்.

ஐயெல்ட்ஸ் எழுதுதலில் முதற்பணி, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து குறைந்தது 150 சொற்களில் விவரிப்பது. அறிவியல் மாணவருக்கு இதைவிடப் பழகிய வேலை உண்டா? உங்கள் செய்முறைப் பதிவேட்டைத் திறந்து வாரம் ஒரு வரைபடத்தை ஆங்கிலத்தில் விவரித்து எழுதுங்கள். ஆங்கில ஆசிரியரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் சேர விரும்பும் பல்கலைக்கழகம் எந்தத் தேர்வை ஏற்கிறது, ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு கேட்கிறது என்பதை அதன் அறிவிப்பிலேயே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கில வழியில் பட்டம் பெற்றவர்களுக்கு விலக்களிக்கும் பல்கலைக்கழகங்களும் சில உண்டு. கேள்விப்பட்டதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஐயெல்ட்ஸ், டோஃபல் அளவுகள் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லுபடியாகும். ஏன்? மொழித் திறன் மாறக் கூடியது என்பதைத் தேர்வு நடத்துபவர்களே அறிவார்கள். குறைந்த அளவு வந்தால் அது அன்றைய ஆங்கிலத்தின் அளவு. அதுவும் பிழையுடன் கூடியது. உங்கள் கணிதத்தையோ, கற்பனையையோ, உழைப்பையோ அந்த எண் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள மெல்லிய காகிதத் துண்டை, மேல் முனையைப் பிடித்து உதட்டுக்கு முன்னால் நான்கு விரற்கடைத் தூரத்தில் தொங்கவிடுங்கள். ‘பின்னால்’ என்று தமிழில் சொல்லுங்கள். காகிதம் பெரிதாக அசையாது. இப்போது குண்டூசியின் ஆங்கிலப் பெயரைக் காற்றை வெளியே தள்ளிச் சொல்லுங்கள். காகிதம் துள்ளும். துள்ளாவிட்டால் மறுபடி சொல்லுங்கள். பத்து நாளில் அது துள்ளிவிடும்.